பாஸ்போர்ட்டில் இல்லாத தங்கை

அப்பாயியிடம், என் அப்பாவின் அம்மாவிடம், ஒரு ஸ்டுடியோ படம் இருந்தது. இலங்கை மலையகத்து ஹட்டனில் எடுத்தது. நாற்காலியில் அவருடைய அப்பாவும் அம்மாவும். பக்கத்தில் பாவாடை சட்டையில் அப்பாயி. அம்மாவின் மடியை ஒட்டிக்கொண்டு ஆறேழு வயதில் இன்னொரு பெண். யார் அது என்று கேட்டால் "தூரத்துச் சொந்தம்" என்பார். மறுபடி கேட்டால் அடுப்பைப் பார்க்க எழுந்து போய்விடுவார். அவர் சொல்லாததால் வீட்டில் ஆளுக்கொரு கதை வைத்திருந்தோம். ஓடிப்போனவள் என்பார் சித்தப்பா. ஆற்றோடு போனவள் என்பார் பெரியம்மா.

நான் படம் வரைகிறவள், நாடகமும் போடுகிறேன். கோத்தகிரி பக்கம் குடும்பங்களின் பழைய கதைகளைக் கேட்டுப் படப் புத்தகமாகச் செய்கிறேன். அதே கதையை, வந்தவர்கள் அறை அறையாக நடந்து, நடிகர்களுக்கு நடுவிலேயே நின்று பார்க்கும் நாடகமாகவும் ஆக்குகிறேன். "எங்க வீட்டிலயும் ஒரு மர்மம் இருக்குக்கா, இதே மாதிரி பண்ணலாமா?" என்று இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். தாராளமாகப் பண்ணுங்கள். ஆனால் என் கையால் நடந்த சில தவறுகளைத் தெரிந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

முதலில், கேள்வி கேட்டுக் குடையாதீர்கள். மூன்று வருடம் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு அப்பாயியின் பின்னால் அலைந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஒருநாள் அந்தச் சின்னப் பெண்ணை நானே கற்பனையில் பெரியவளாக்கி, கொழுந்துக் கூடையோடு வரைந்துகொண்டிருந்தேன். அப்பாயி வந்து எட்டிப் பார்த்தார். "அவ மூக்கு இப்படியா இருக்கும்?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. பென்சிலை வாங்கி இடது புருவத்தின் நடுவில் சின்னதாக ஒரு கோடு போட்டார். "கவ்வாத்துக் கத்தி பட்டது, தேயிலைச் செடி வெட்டுறது. எங்க ஐயா கத்தி. நான்தான் எடுத்து விளையாடுனேன்." அப்புறம் என் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் வரை பேசினார். அன்றிலிருந்து கேள்விக்குப் பதிலாகப் படத்தைத்தான் எடுத்துப் போகிறேன். தப்பாக வரைந்த படத்தைத் திருத்தாமல் பெரியவர்களால் இருக்க முடியாது.

அது தூரத்துச் சொந்தம் இல்லை, கூடப்பிறந்த தங்கை. 1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேர் கணக்கில் வந்தார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அப்பாயி வாழ்க்கைப்பட்ட வீடு இந்தியாவுக்கு விண்ணப்பித்தது. தங்கை வாழ்க்கைப்பட்ட வீடு இலங்கைக்கு விண்ணப்பித்தது. ஆளை ஏற்றி அனுப்பும் ரயிலை மலையகத்தில் ஒப்பாரிக் கோச்சி என்றே சொல்வார்கள். அதில் ஏறும்போது தங்கையிடம் அப்பாயி ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்: "ஆறு மாசத்துல உன்னையக் கூப்பிட்டுக்கிறேன்." கூப்பிட முடியவில்லை. கடைசிக் கடிதம் 1983 ஏப்ரலில் வந்தது. இதில் யாரும் ஓடிப்போகவில்லை. கொடுத்த வாக்கைக் காப்பாற்ற முடியாத ஒருத்தியின் வாய் பூட்டிக்கொண்டது, அவ்வளவுதான். நான் பார்த்த பல குடும்ப மர்மங்களின் அடியில் இப்படி ஒரு சர்க்கார் காகிதம்தான் கிடக்கிறது. அவமானத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போகாதீர்கள்.

காகிதம் என்றதும் இதைச் சொல்லியாக வேண்டும். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களுக்காக 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியபோது வந்தவர்கள் இன்று ஓய்வு பெற்றுவிட்டார்கள். தோட்டத்தில் வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீட்டைக் காலி செய்யும்போது பழைய தகரப் பெட்டி பல வீடுகளில் குப்பைக்குப் போகிறது. அதற்குள் கண்டியில் வாங்கிய இந்திய பாஸ்போர்ட் இருக்கும், குடும்ப அட்டை இருக்கும், கடிதங்கள் இருக்கும். கலைக்கு மட்டுமல்ல, பேரப்பிள்ளைகளின் சான்றிதழுக்கும் அவை தேவைப்படலாம். எங்கள் ஊர் ஈரத்தில் படங்கள் பூஞ்சை பிடித்துக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்காதீர்கள். கண்ணாடியோடு வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். லாமினேஷன் வேண்டவே வேண்டாம், அந்தச் சூட்டில் ஒட்டினதைப் பிறகு பிரிக்க முடியாது. படத்தின் பின்னால் பேர் எழுத மென்மையான பென்சில் போதும். பால் பாயிண்ட் பேனா முன்பக்கம் வரை அழுந்தும். நாடகத்தில் மூலத்தை ஒருபோதும் கையில் கொடுக்காதீர்கள். நான் ஜெராக்ஸ் எடுத்துத் தேயிலைத் தூள் கொதித்த தண்ணீரில் நனைத்து உலர்த்துகிறேன். பழைய காகிதத்தின் நிறம் அப்படியே வந்துவிடுகிறது.

இப்படி நடந்து பார்க்கும் நாடகம் நமக்குப் புதிது இல்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளத்தன்று, மண்ணில் செய்த துரியோதனனைச் சுற்றி ஊரே நிற்கும். அங்கே மேடை எது, பார்க்கிறவர் யார்? மாசியில் தோட்டத்தில் நடந்த, மன்மதன் எரிந்த கதையை நடிக்கும் காமன் கூத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம், "ரதி அழுதா நாங்களும் அழுவோம்" என்பார் அப்பாயி. பார்க்கிறவர்களை உள்ளே இழுப்பது பெரிய காரியம் இல்லை. இழுத்தவர்களைப் பத்திரமாக வெளியே கொண்டுவருவதுதான் பெரிய காரியம். அதை நான் மறந்திருந்தேன்.

யாரும் குடியிருக்காத ஒரு லைனில் அனுமதி வாங்கி, ஐந்து அறைகளில் போட்டோம். ஒரு தடவைக்குப் பன்னிரண்டு பேர். மூன்றாவது அறையில் எல்லோர் கையிலும் ஒரு சீட்டு. இந்தியா என்று வந்தவர்கள் இந்தக் கதவு, சிலோன் என்று வந்தவர்கள் அந்தக் கதவு. கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போடுவோம். இரண்டாம் நாள் ஒரு அம்மா மகளோடு வந்திருந்தார். மகளுக்கு சிலோன் சீட்டு. தாழ்ப்பாள் விழுந்ததும் அந்த அம்மா கதவைத் தட்ட ஆரம்பித்தார். அதுவும் நாடகத்தில் சேர்ந்தது என்று மற்றவர்கள் நினைத்தார்கள். பாத்திரத்தை விட்டு வெளியே வரக்கூடாது என்று நான்தான் நடிகர்களுக்குச் சொல்லிவைத்திருந்தேன், அவர்கள் வரவில்லை. நான் ஓடிப்போய்க் கதவைத் திறப்பதற்குள் இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. வாசல் திண்ணையில் உட்காரவைத்து வெறுந்தேத்தண்ணி கொடுத்தோம். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மறுபடியும் அனுப்பிட்டியேம்மா" என்றார். அவரும் கப்பலில் வந்தவர்.

அந்த வார்த்தை இன்னும் எனக்குள் இருக்கிறது. யாருக்காக நாடகம் போட்டேனோ அவரையே நோகடித்தேன். அதற்குப் பிறகு தாழ்ப்பாள்களைக் கழற்றிவிட்டோம். உள்ளே என்னென்ன நடக்கும், எந்த அறையில் பிரிப்போம் என்று வாசலிலேயே சொல்லிவிடுகிறோம். எல்லோருக்கும் ஒரு துண்டு கொடுக்கிறோம். அதைத் தோளில் போட்டுக்கொண்டால் எந்த நடிகரும் கிட்டே வரமாட்டார். நாடகத்தில் சேராத ஒருவர் எல்லா அறையிலும் நிற்கிறார், வெளியே அழைத்துப் போவது மட்டுமே அவர் வேலை. முடிந்ததும் யாரும் உடனே கிளம்ப வேண்டாம் என்று உட்காரவைத்து, ரொட்டியும் தேத்தண்ணியும் கொடுக்கிறோம். முன்கூட்டியே சொன்னால் சுவாரஸ்யம் போய்விடும் என்று பயந்தேன். போகவில்லை. தெரிந்துகொண்டு போகிறவர்கள் இன்னும் நெருங்கிப் பார்க்கிறார்கள்.

இன்னொரு தவறு, கற்பனை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னார் துறையில் தங்கை நின்று கையாட்டுவதாக ஒரு காட்சி எழுதியிருந்தேன். நான் உண்டாக்கியது. ஒத்திகை பார்த்துவிட்டுப் போன சித்தப்பா, ஒரு மாதம் கழித்து வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "எங்க சின்னம்மா துறையில நின்னு கையாட்டுச்சாம்." அவர் இங்கே வந்த பிறகு பிறந்தவர். அவரிடம் அப்படி யாருமே சொன்னதில்லை. நான் எழுதினது ஞாபகமாகிவிட்டது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டேன். தெரிந்த இடத்தில் கதை நிற்கட்டும். 1983க்குப் பிறகு தங்கை என்ன ஆனார் என்பது எங்களுக்குத் தெரியாது. கடைசி அறையில் கடிதத்தின் நகலும் ஒரு முக்காலியும் மட்டும்தான்.

தங்கையின் பெயரைத்தான் அப்பாயி தன் மகளுக்கு வைத்திருக்கிறார், என் அத்தைக்கு. எதற்காக அந்தப் பெயர் என்று அத்தைக்கே ஐம்பது வயதுக்கு மேல்தான் தெரிந்தது. "அந்தப் பேரைப் புஸ்தகத்துல போடாத" என்றார். அப்பாயி சம்மதித்துவிட்டாரே என்று நான் வாதாடினேன், அதுவும் தப்புதான். கதை சொன்னவர் ஒருவர், அதைச் சுமக்கப்போகிறவர் இன்னொருவர். இரண்டு பேரிடமும் கேட்க வேண்டும். புத்தகத்தில் பெயர் வரும் இடங்களில் வெறும் கோடு விட்டேன். இந்தக் கட்டுரையிலும் அந்தப் பெயர் இல்லை.

அடுத்த வாரம் பந்தலூரிலிருந்து ஒரு குடும்பம் பெட்டியோடு வருகிறது. பேரன் ஃபோனில், பூட்டை உடைத்துப் பார்த்துவிடட்டுமா என்று கேட்டான். வேண்டாம், அப்படியே கொண்டு வா என்றேன். அவனுடைய தாத்தாவுக்கு எண்பத்திரண்டு வயது. அவரும் கூட வருகிறார், சாவி அவர் அரைஞாணில்தான் இருக்கிறது.