சத்தம் கேட்டால் யாரிடமாவது சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம் சபைகளில் "கர்த்தர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்வது சாதாரணம். ஞாயிற்றுக்கிழமை மைக்கைப் பிடித்துத் தைரியமாகச் சொல்கிற அதே ஆட்கள், வாரநாளில் கிளினிக்கில் என் முன்னால் உட்காரும்போது அதை மறைத்துவிடுகிறார்கள். சத்தம் கேட்குது என்று சொன்னால் பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்ற பயம். நான் டர்பனில் மனநல நர்ஸாக வேலை செய்கிறேன், விசுவாசியும்கூட. அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கர்த்தர் பேசினார் என்று ஒருவர் சொல்வது நோய் இல்லை. ஒருவருடைய சபையும் குடும்பமும் இயல்பாக ஏற்றுக்கொள்கிற விசுவாச அனுபவத்தை மட்டும் வைத்து நாங்கள் யாரையும் நோயாளி என்று முடிவு செய்வதில்லை.

எப்படிக் கேட்டது என்று விசாரித்தால் பெரும்பாலும் வரும் பதில், "காதால கேட்கல சிஸ்டர்" என்பதுதான். பாத்திரம் கழுவும்போது ஒரு வசனம் மனதில் வந்து நின்றது, ரொம்ப நாளாகப் பார்க்காத ஒருத்தர் முகம் ஞாபகம் வந்து போய்ப் பார்த்தால் அவர் படுத்த படுக்கையாக இருந்தார், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போனபோது மனம் ஒப்பவில்லை. விசுவாசிகள் அன்றாடம் கேட்பது இப்படித்தான். சிலருக்குக் காதிலேயே கேட்கும், தூங்கப் போகும் நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல. அதுவும் ஆரோக்கியமானவர்களுக்கு நடப்பதுதான். துணையை இழந்தவர்களுக்கு இன்னும் அதிகம். 1971-இல் வெளியான ஒரு ஆய்வுக்காக வேல்ஸில் ஒரு டாக்டர் விதவைகளும் மனைவியை இழந்த ஆண்களுமாக 293 பேரை விசாரித்ததில், ஏறக்குறைய பாதிப்பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பதுபோல ஏதோ ஒரு விதத்தில் உணர்ந்திருந்தார்கள், நூற்றுக்கு 13 பேர் குரலையே கேட்டிருந்தார்கள். இதை அவர்களில் நிறையப் பேர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

யாரிடமும் சொல்லாமல் இருப்பதுதான் எனக்குக் கவலை. பைபிளில் வரும் சாமுவேலைப் பாருங்கள். ராத்திரியில் கூப்பிடும் சத்தம் கேட்டதும் அந்தப் பிள்ளை மூன்று தடவையும் எழுந்து ஆசாரியரான ஏலியிடம் ஓடினான். ஏலிக்கும் உடனே புரியவில்லை, மூன்றாம் தடவைதான் புரிந்தது. அப்புறம்தான் "சொல்லும் கர்த்தாவே" என்று பதில் சொல்லக் கற்றுக்கொடுத்தார். விடிந்ததும், கேட்டதில் ஒன்றையும் மறைக்காதே என்று ஏலியே வற்புறுத்திக் கேட்டார், வந்த செய்தியோ அவருடைய வீட்டுக்கே எதிரானது. நீங்கள் கேட்டதைப் போய்ச் சொல்ல ஆள் தேடினால் இப்படிப்பட்டவரைத் தேடுங்கள், தனக்குப் பிடிக்காததையும் காதுகொடுத்துக் கேட்கிறவரை. கேட்டது சரியா என்று பார்ப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். "அந்த ஆவிகள் தேவனால் உண்டானவைகளோ என்று சோதித்தறியுங்கள்" என்று யோவான் எழுதியதே விசுவாசிகளுக்குத்தான்.

சரி, எப்போது அது நோயாக இருக்கலாம்? பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகளிடம் ஆரம்பிக்கும், ஆண்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னாலேயே. படிப்பு சரியும், குளிக்க மாட்டான், அறைக்கதவைச் சாத்திக்கொள்வான். சத்தம் விடாமல் பேசும், அவன் செய்வதை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வரும், சில சமயம் இரண்டு குரல்கள் அவனைப் பற்றித் தங்களுக்குள் வாக்குவாதம் செய்யும். தன் எண்ணங்களை மற்றவர்கள் படிக்கிறார்கள் என்பான். வீட்டில் முதலில் நினைப்பது கஞ்சா, அல்லது பிசாசு. கஞ்சா காரணமாகவும் இருக்கலாம், அதையும் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். இந்த நிலையில் உபவாச ஜெபம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம், ஏனென்றால் சிகிச்சை எவ்வளவு தாமதமாகிறதோ அந்த அளவுக்கு மீண்டு வருவது கடினமாகிறது. ஜெபியுங்கள், அதே வாரத்தில் கூட்டிக்கொண்டும் வாருங்கள்.

ஒரு அம்மா சொன்னார், "கெட்டதா ஒண்ணும் சொல்லல சிஸ்டர், அன்பாத்தான் பேசுது." அதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. ஸ்கிட்சோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் கேட்கும் குரல்களைப் பற்றி அமெரிக்காவிலும் கானாவின் அக்ராவிலும் நம் சென்னையிலும் ஊருக்கு 20 பேரிடம் பேசி ஒரு ஆய்வு செய்தார்கள். அமெரிக்காவில் அந்தக் குரல்கள் பெரும்பாலும் மிரட்டின. சென்னையில் பலருக்கு அது சொந்தக்காரர்களின் குரலாக இருந்தது, புத்தி சொன்னது, வீட்டு வேலையைப் பார் என்றது. அக்ராவில் பலர் அதைக் கடவுளின் குரல் என்றே சொன்னார்கள். குரலின் தன்மை ஊருக்கு ஊர் மாறுகிறது, அதனால் குரல் எவ்வளவு இனிமை என்று பார்க்காமல் ஆள் எப்படி இருக்கிறார் என்று பாருங்கள்: தூக்கம், சாப்பாடு, வேலை, மற்றவர்களோடு பழகுவது.

வயதானவர்கள் விஷயம் வேறு. நேற்றுவரை நன்றாக இருந்த பாட்டி இன்று ராத்திரி சுவரோடு பேசுகிறார், காலையில் கொஞ்சம் தெளிவு, சாயங்காலம் மறுபடி குழப்பம் என்றால் அது தரிசனமும் இல்லை, பெரும்பாலும் மனநோயும் இல்லை. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்குவது, உப்புக் குறைவு இப்படி ஏதாவது இருக்கும், அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். மருந்துக்கு அடங்காத டிபிக்குக் கொடுக்கும் டெரிசிடோன் மாத்திரையும் சிலருக்குச் சத்தம் கேட்க வைக்கும்.

நோயைத் தரிசனம் என்று நினைப்பதற்கு நேர் எதிராக, ஜெபத்தை நோய் என்று நினைப்பதும் நடக்கிறது. இங்கே இளையவர்கள் வீட்டிலும் இங்கிலீஷ்தான் பேசுகிறார்கள், ஆனால் வயதானவர்களில் பலருக்கு வலி வந்தால் ஜெபம் தமிழில்தான் வரும். வார்டில் வேலை செய்பவர்களுக்கு ஜூலுவும் இங்கிலீஷும் தெரியும், தமிழ் தெரியாது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று ஒரு அம்மா ராத்திரி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தால் ஃபைலில் "தனக்குத்தானே பேசுகிறார்" என்று ஏறிவிடும். இது என் மனதை ரொம்பவே வருத்துகிறது. அட்மிட் செய்யும்போதே, அம்மா தமிழில் ஜெபிப்பார் என்று பிள்ளைகள் நர்ஸிடம் சொல்லி எழுதிவைக்கச் சொல்லுங்கள்.

ஜனவரி வந்தால் நம் சபைகளில் 21 நாள் உபவாசம், முழு இரவு ஜெபம். பைபோலார், அதாவது அளவுகடந்த உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய் உள்ளவருக்குத் தொடர்ந்து சில இரவுகள் தூக்கம் கெட்டாலே போதும், அவர் தலைகால் புரியாத உற்சாகத்துக்குள் போய்விடலாம். முதல் இரண்டு நாள் அது அபிஷேகம் மாதிரியே தெரியும். அந்த நோய்க்கு லித்தியம் மருந்து சாப்பிடுகிறவர் டர்பனின் கோடை வெயிலில் தண்ணீர்கூடக் குடிக்காமல் உபவாசம் இருந்தால் உடம்பில் மருந்தின் அளவு ஏறி, கை நடுங்கி, வாந்தி எடுத்து, புத்தி தடுமாறும். இன்சுலின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் பட்டினி கிடக்கவே கூடாது. சாக விரும்பிச் சூரைச்செடியின் கீழே படுத்த எலியா தீர்க்கதரிசியைத் தேவதூதன் தட்டி எழுப்பி முதலில் செய்தது சாப்பிடச் சொன்னதுதான். சாப்பிட்டுத் தூங்கினான், மறுபடி எழுந்து சாப்பிட்டான். "அமர்ந்த மெல்லிய சத்தம்" அதற்கு வெகு நாள் பின்னால்தான் வருகிறது.

மாத்திரையை நிறுத்தச் சொல்கிற சத்தத்துக்கு எங்களைக் கேட்காமல் கீழ்ப்படியாதீர்கள், அதைச் சொல்வது பாஸ்டராகவே இருந்தாலும். எசேக்கியா ராஜா குணமாவார் என்று கர்த்தரின் வாக்கைச் சொன்ன அதே ஏசாயா தீர்க்கதரிசிதான், அத்திப்பழத்து அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் போடச் சொன்னார். உன்னையோ பிறரையோ காயப்படுத்து என்று சத்தம் சொன்னால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. ஆபிரகாமிடம் மகனைப் பலியிடச் சொல்லவில்லையா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அந்த அதிகாரத்தைக் கடைசிவரை வாசியுங்கள். "பிள்ளையாண்டான்மேல் உன் கையைப் போடாதே" என்று கையைத் தடுத்ததும் வானத்திலிருந்து வந்த சத்தம்தான்.

வர மறுக்கிறவரை என்ன செய்வது? தென்னாப்பிரிக்காவின் 2002-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின்படி, கணவன், மனைவி, பெற்றோர் அல்லது நெருங்கிய உறவினர் அவரைச் சிகிச்சைக்குச் சேர்க்கச் சொல்லி விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிப்பவருக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும், கடந்த 7 நாளுக்குள் நோயாளியை நேரில் பார்த்திருக்க வேண்டும். மனநலப் பணியாளர்கள் இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதித்து, தேவை என்று கண்டால் 72 மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துக் கவனிப்பார்கள். வரும்போது வீட்டில் இருக்கிற மாத்திரை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள், எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று குறித்துக்கொள்ளுங்கள், பாஸ்டரையும் கூட்டி வாருங்கள். அந்தச் சத்தம் என்ன சொல்கிறது என்று அவர் முன்னாலேயே கேட்போம்.