தொடுவிசையா, தொடர்பு விசையா?

எங்கள் தெரு அண்ணாச்சிக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி, கதீட்டர் என்ற மெல்லிய குழாயை உள்ளே விட்டுச் சுடும் சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த தமிழ்த் தாளை என்னிடம் நீட்டினார். "இதென்னடே தொடர்பு விசை? யாருக்க கூடத் தொடர்பு?" இந்தச் சொல் என் கண்ணில் படுவது இது நாலாவது தடவை.

ஆங்கிலத்தில் காண்டாக்ட் ஃபோர்ஸ் என்பதைத்தான் அப்படிப் பெயர்த்திருக்கிறார்கள். அது கதீட்டர் நுனி இதயச் சுவரில் எவ்வளவு பலமாகப் பதிகிறது என்ற அளவு. பட்டும் படாமலும் நின்றால் சூடு உள்ளே இறங்காது, மிஞ்சினால் சுவரே ஓட்டையாகலாம். பெரும்பாலும் 10 முதல் 40 கிராமுக்குள் வைக்கப் பார்ப்பார்கள். ரோபோ வழியாகச் செய்யும்போது மருத்துவர் தள்ளி உட்கார்ந்துதான் கதீட்டரை ஓட்டுகிறார். தூண்டில் போடுகிறவருக்கு ஈயம் தரை தட்டியது விரலிலேயே தெரிந்துவிடும். இவருக்கு அந்தக் கையுணர்வு கிடையாது. அதனால் ஒரு வகைக் கதீட்டரில் நுனிக்குள் ஒளியிழை வைத்திருக்கிறார்கள். நுனி துளி நெளிந்தாலும் ஒளி மாறும், அது கிராம் கணக்காகத் திரையில் வரும்.

லத்தீனில் 'தாங்கெரே' என்றால் தொடுதல். காண்டாக்ட் அதிலிருந்து வந்தது. ஆளோடு பேச்சு வைத்திருப்பது என்ற பொருள் பின்னால் ஏறியது, மொழிபெயர்த்தவர் அதைப் பிடித்துக்கொண்டார். தொடர்பு 'தொடர்' என்பதிலிருந்து வருகிறது. துபாயில் இருக்கிற மகனோடு தொடர்பு இருக்கும், தொட முடியுமா? இங்கே நுனி ஒரு மில்லிமீட்டர் விலகினால் விசையே இல்லை.

'அது வழக்கில் வந்துவிட்டதே' என்பார்கள். எந்த வழக்கில்? பள்ளிப் பிள்ளைகள் அறிவியலில் தொடுவிசை, தொடா விசை என்றுதான் படிக்கிறார்கள். தொடுதிரை, தொடுவானம் எல்லாம் கையில் இருக்கின்றன. நம்ம ஊர்ப் பந்தியில் இலையில் விளம்புவது தொடுகறி. சிலர் 'தொடர்பு அழுத்தம்' என்றும் எழுதுகிறார்கள். அழுத்தம் என்றால் விசையைப் பரப்பால் வகுக்க வேண்டும். கதீட்டர் காட்டுவது விசை மட்டும்.

குமரிக் கடலில் நிற்கும் வள்ளுவர் "தொட்டனைத் தூறும் மணற்கேணி" என்றார். அங்கே தொடுதல் என்றால் தோண்டுதல். மெல்லப் படுவதும் மீறினால் துளைப்பதும் ஒரே வினைக்குள் இருக்கின்றன. இதைவிடப் பொருத்தமான வேர் எங்கே கிடைக்கும்?

அதே தாளில் கதீட்டருக்கு 'வடிகுழாய்' என்று போட்டிருந்தது. அண்ணாச்சி மூத்திரக் குழாய் என்றே நினைத்துவிட்டார். அப்லேஷன் என்கிற இந்தச் சுடும் சிகிச்சைக்கு 'நீக்கம்'. எதையும் வெட்டி எடுப்பதில்லை, சுட்டுத் தழும்பாக்குகிறார்கள். நோயாளி பயப்படும் நேரத்தில் இப்படி எழுதுவது அநியாயம்.

தொடர்பை அடித்து, மேலே தொடுவிசை என்று எழுதிக் கொடுத்தேன். வாசித்துவிட்டு, "அப்போ, எத்தனை கிராம்டே தொடும்?" என்று கேட்டார்.