ஓநாயின் கணக்கை எழுதிவைத்த மரம்

"ஓநாய் வந்ததும் ஆறே திசை மாறிவிட்டதாமே, நிஜமா?" என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவைப் பற்றிய கதை அது. 1995, 96இல் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டார்கள், எல்க் மான்கள் குறைந்தன, ஆற்றோரச் செடிகள் தழைத்துக் கரையைப் பிடித்தன என்பார்கள். கதையில் பாதி சரி. எல்க் குறைந்ததில் கரடிக்கும் பூமாவுக்கும் வேட்டைக்காரர்களுக்கும் பங்கு உண்டு. ஓடையில் அணை கட்டும் பீவர்கள் ஒழிந்து நிலத்தடி நீர் இறங்கிப்போன இடங்களில் வில்லோ மரம் இன்னும் சரியாகத் தலைதூக்கவில்லை. இத்தனை பேர் கைவைத்த இடத்தில் யார் செய்தது எது என்று பிரிப்பது கஷ்டம்.

அதற்கு ஐல் ராயல் தோதான இடம். அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் இருக்கும் தீவு, நீளம் எழுபது கி.மீ. சொச்சம். கரடி கிடையாது, பூமா கிடையாது, மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடவும் இடமில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூஸ் மான்கள் வந்துசேர்ந்தன. 1940களின் கடைசியில், ஏரி உறைந்த குளிர்காலத்தில், ஓநாய்கள் பனிக்கட்டி மேல் நடந்தே வந்தன. 1958 முதல் இரண்டையும் ஏறக்குறைய ஆண்டுதோறும் எண்ணிவருகிறார்கள்.

சரி, இதில் மரம் எங்கே வருகிறது?

குளிர்காலத்தில் இலையுதிர் மரங்கள் மொட்டையாக நிற்க, பால்சம் ஃபிர் என்ற ஊசியிலை மரம் பச்சையாக இருக்கும். பசித்த மூஸ் அதைத்தான் தேடிப்போகும். இலையுதிர் மரம் புத்திசாலி. உணவை வேரிலும் தண்டிலும் பத்திரப்படுத்திவிட்டுத்தான் இலையை உதிர்க்கும். குளிரில் நாலு குச்சியைக் கடித்தாலும் வசந்தத்தில் துளிர்த்துவிடும். ஃபிர்ரின் ஊசியிலைகளோ பல ஆண்டுகள் உதிராது. அது தன் சேமிப்பில் பெரும்பங்கை அந்த இலைகளிலேயே வைத்திருக்கிறது. அதனால் மூஸ் கடித்துக்கொண்டு போவது இலையோடு சேர்த்துச் சேமிப்பையும்தான். அடுத்த கோடையில் சமைக்க இலையும் இல்லை, கையிருப்பும் இல்லை. மரம் அந்த ஆண்டு கட்டை வைப்பதே அரிது. ஆண்டு வளையம் நூல் மாதிரி ஒடுங்கிவிடும்.

உயரத்துக்கும் இதே கதிதான். உச்சி மொட்டில் சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழிறங்கிப் பக்கக் கிளைகளை அடக்கிவைக்கும். மொட்டைக் கடித்துவிட்டால் அந்தப் பிடி தளரும். பக்கக் கிளை ஒன்று மெல்ல நிமிர்ந்து தலைமை ஏற்கும். அடுத்த குளிரில் அதுவும் போகும். இப்படியே பல பத்தாண்டுகள் வாழ்ந்தும் ஆள் உயரம் தாண்டாத ஃபிர் கன்றுகள் அங்கே உண்டு.

பிரையன் மெக்லாரன், ரோல்ஃப் பீட்டர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இந்த மரங்களின் வளையங்களை அளந்து 1994இல் சயின்ஸ் இதழில் எழுதினார்கள். ஓநாய் குறைந்து மூஸ் பெருகிய காலங்களில் வளையம் ஒடுங்கியிருந்தது. ஓநாய் பெருகி மூஸ் குறைந்ததும் அகன்றது. ஓநாய் ஒரு இலையைக்கூடத் தின்பதில்லை. ஆனாலும் அதன் வரவு செலவு மரக்கட்டைக்குள் பதிவாகியிருக்கிறது! முதன்முதலில் இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எல்லாவற்றையும் ஓநாய் தலையில் ஏற்றவும் கூடாது. 1980இல் 50 ஓநாய்கள் இருந்தன. நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸ் தொற்றி 1982இல் 14 ஆயின. மூஸ் பெருகி, தொண்ணூறுகளின் நடுவில் 2,400ஐத் தொட்டது. அப்புறம் ஒரே ஒரு கொடுங்குளிரும் பசியும் சேர்ந்து அதைச் சுமார் 500க்கு இறக்கின. மூன்றாண்டு நிதியோடு முடியும் ஆய்வாக இருந்தால் இதில் ஒரு துண்டுதான் கண்ணில் பட்டிருக்கும். அறுபது ஆண்டுகளுக்கு மேல் விடாமல் எண்ணுவதற்குப் பணம் தர ஒரு சமூகத்துக்குப் பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை நம் நிதிக் குழுக்களுக்கும் வர வேண்டும் என்பது என் தீராத ஆசை.

நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம்பெருக்கி நலிந்து ஓநாய்கள் இரண்டாகக் குறைந்தபின், 2018, 19இல் வெளியிலிருந்து 19 ஓநாய்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டாயிரத்தைத் தாண்டியிருந்த மூஸ் 2023இல் ஆயிரத்துக்கும் கீழே வந்துவிட்டது. தீவின் மேற்குப் பக்கத்தில் விதை தரும் ஃபிர் மரங்களில் பல, மூஸ் வருவதற்கு முன்பே முளைத்தவை. ஃபிர் நீண்ட ஆயுள் உள்ள மரமல்ல. அந்தக் கிழட்டு மரங்கள் சாய்வதற்குள் கீழே நிற்கும் கன்றுகள் மூஸின் வாய்க்கு எட்டாத உயரத்தைத் தொட்டாக வேண்டும்.