காட்டுக்குள்ள டிராக்டர் நின்னுட்டா முதல்ல ஸ்க்ரூ டிரைவர கீழ போடுங்க

ஆலங்குடி பக்கம் இருபது வருசத்துக்கு மேல டிராக்டர் மெக்கானிக்கா இருக்கேன். பட்டறைக்கு வர்ற வண்டியவிட நான் பைய தூக்கிக்கிட்டு காட்டுக்குள்ள போயி பாக்குற வண்டிதான் ஜாஸ்தி. எங்க புதுக்கோட்டை பக்கம் காடுன்னாலே தைலமரக் காடுதான். வனத்தோட்டக் கழகத்துதும் இருக்கு, பட்டா நிலத்துல போட்டதும் இருக்கு. வெட்டு விழுந்துச்சுன்னா கட்டைய டிரெய்லர்ல ஏத்தி ரோட்டுக்கு கொண்டாந்து லாரிக்கு மாத்துவாங்க, அங்கேருந்து மொண்டிப்பட்டி, கரூர்னு காகித ஆலைக்கு போகும். இந்த காட்டுக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல இருக்குற ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர்லதான் எல்லா கூத்தும் நடக்கும்.

ஒரு நாள் சாயங்காலம் போன். "அண்ணே, செல்ஃப் எடுக்க மாட்டேங்குது, லோடு ஏத்தியாச்சு, லாரிக்காரன் கத்துறான்." நான் போயி சேர்றதுக்குள்ள அந்த தம்பி தரையில நின்னுக்கிட்டு ஒரு பெரிய ஸ்க்ரூ டிரைவர செல்ஃப் மோட்டார் போல்ட்டு ரெண்டுக்கும் குறுக்க வைக்க போறான். நிக்கிற எடம் எதுன்னு பாருங்க, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவுல. நான் போட்ட சத்தத்துல கைய எடுத்துட்டான். மேல ஏறி கியர் லிவர ஆட்டி பாத்தேன், ஆடல. ரெண்டாவது கியர்ல கெடக்கு.

அன்னைக்கு நான் ஒரு நிமிசம் லேட்டா போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு அவன்கிட்ட அப்புறமா உக்கார வச்சு சொன்னேன். சாவி போட்டு ஸ்டார்ட் பண்ணும்போது புது வண்டிகள்ல கிளட்ச்ச மிதிச்சாத்தான் இல்ல நியூட்ரல்ல இருந்தாத்தான் செல்ஃபுக்கு கரண்ட் போகும், அதுக்குன்னே ஒரு சேஃப்டி சுவிட்ச் வச்சிருக்கான். ஸ்க்ரூ டிரைவர் வச்சு ஷார்ட் பண்ணா அதையெல்லாம் தாண்டி கரண்ட் நேரா மோட்டாருக்கு போயிடும். பகல் பூரா ஓடி சூடா இருக்குற டீசல் எஞ்சின் ஒரே சுத்துல புடிச்சுக்கும், கியர்ல கெடந்தா அடுத்த நொடி வண்டி நகரும், உங்க நெஞ்சு உசரத்துக்கு இருக்குற பின்சக்கரம் உங்க மேலதான் வரும். அதுலயும் பாதி வண்டிக்கு டயர்ல முக்கால்வாசி தண்ணி வேற ரொப்பி வச்சிருப்பாங்க. ஓடித் தப்பிக்கலாம்னு நெனைக்காதீங்க, நீங்க குனிஞ்சு ஸ்க்ரூ டிரைவரத்தான் பாத்துக்கிட்டு இருப்பீங்க.

வண்டியில என்னதான் கோளாறுன்னு கேட்டீங்கன்னா பேட்டரி டெர்மினல்ல பச்சை பூத்து கெடந்துச்சு. உப்புத்தாள் போட்டு தேச்சு, நல்லா முறுக்கி, நியூட்ரல் பண்ணி, சீட்ல உக்காந்து சாவி போட்டேன், எடுத்துருச்சு. மொத்தம் பத்து நிமிச வேலை.

அதனால வண்டி எதுக்கு நின்னாலும் சரி, இறங்குறதுக்கு முன்னாடி எஞ்சின ஆஃப் பண்ணுங்க. பழைய வண்டில சாவிய திருப்புனா மட்டும் நிக்காது, ஸ்டாப் கேபிள இழுக்கணும், இது தெரியாம சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டு வண்டி ஓடுது ஓடுதுன்னு நிக்கிறவங்கள பாத்திருக்கேன். ஹேண்ட் பிரேக் போடுங்க, பின்சக்கரத்துக்கு கட்டை வைங்க. கட்டைக்கா பஞ்சம், சுத்தி கெடக்குறது பூரா கட்டைதான்.

ஆனா அதே கட்டையாலதான் இன்னொரு வினை. மழை நேரத்துல சக்கரம் சேத்துல பொதைஞ்சு ஒரே எடத்துல சுத்தும், உடனே யாராவது ஒரு பெரியவர் "மாப்ள, சக்கரத்துல கட்டைய சங்கிலி போட்டு கட்டுடா, ஏறி வந்துரும்"னு ஐடியா குடுப்பாரு. அந்த ஐடியாவ மட்டும் கேக்காதீங்க. கட்டை தரையில போயி முட்டிக்கிட்டா சக்கரம் சுத்த முடியாது, ஆனா எஞ்சின் விடாது, சக்கரத்த சுத்த முடியலைன்னா வண்டியோட மூக்க தூக்கும். முன்பக்கம் எந்திரிச்சு அப்படியே பின்னால மல்லாக்க கவுந்துரும், ஓட்டுறவர் அடியில. டிரெய்லர் மாட்டியிருக்குல்ல, எப்படி கவுரும்னு கேப்பீங்க. பொதைஞ்ச வண்டிய மீட்க டிரெய்லர கழட்டி விட்டுட்டுத்தான இத பண்ணுவீங்க. மூக்கு தூக்குறத பாத்து கிளட்ச்ச மிதிக்கலாம்னா அதுக்கு ஒரு செகண்டுகூட கெடைக்காது, நம்ம மூளைக்கு விசயம் போயி காலு மிதிக்கிறதுக்குள்ள முடிஞ்சுரும். முன்னாடி பம்பர்ல ரெண்டு பேர வெயிட்டுக்கு ஏத்தி நிக்க வைக்கிறதும் இதே கதைதான், சாகுற ஆளு எண்ணிக்கை கூடும், அவ்வளவுதான்.

வேற வண்டி வச்சு இழுக்கும்போதும் இழுக்குற வண்டிக்கு இதேதான் நடக்கும். செயின டாப் லிங்க் (கலப்பைய மேல புடிச்சுக்கிற தண்டு) மாட்டுற எடத்துல மாட்டாதீங்க, பின் அச்சுல சுத்தி கட்டாதீங்க. கீழ டிராபார்னு இழுவைக்குன்னே ஒரு இரும்புப் பட்டை இருக்கு பாருங்க, அச்சுக்கு கீழ, அங்கதான் மாட்டணும். மேல மாட்டி இழுத்தா இழுவை பூரா மூக்க தூக்கத்தான் போகும். முதல்ல லோட இறக்குங்க, கஷ்டமாத்தான் இருக்கும், ஏத்துன ஆளுங்க திட்டுவாங்க, பரவால்ல. மம்பட்டி எடுத்து சக்கரத்துக்கு முன்னாடி பின்னாடி மண்ண வெட்டி விட்டு, ரிவர்ஸ்ல மெதுவா வர பாருங்க, பாதி வண்டி அதுலயே ஏறிடும். அப்பவும் வரலைன்னா இன்னொரு வண்டி. செயின் தொய்வா இருக்கும்போதே வெடுக்குன்னு இழுக்காதீங்க, மெதுவா இறுக்கி அப்புறம் இழுங்க. வேடிக்கை பாக்குற கூட்டத்த செயினோட நீளத்தவிட தூரமா தள்ளி நிக்க சொல்லுங்க. நைலான் கயிறு அறுந்தா ரப்பர் மாதிரி திரும்பி அடிக்கும், அதுல கொக்கி வேற இருந்தா கேக்கவே வேணாம்.

சூடு விசயம். தைல இலையும் உரிஞ்ச பட்டையும் கிரில்லுல போயி அடைச்சு ரேடியேட்டருக்கு காத்தே போகாது, மீட்டர் செவப்புக்கு போயிரும். லோட இழுக்குறத நிறுத்தி அஞ்சு நிமிசம் ஸ்லோல ஓடவிட்டு ஆஃப் பண்ணுங்க. ஆனா ஃபேன் பெல்ட் அறுந்திருந்தாலோ தண்ணி ஒழுகிக்கிட்டு இருந்தாலோ அந்த அஞ்சு நிமிசமும் கிடையாது, உடனே ஆஃப். ரேடியேட்டர் மூடிய சூட்டுல தெறக்காதீங்க, துண்ட போட்டு தெறந்தாலும் அதேதான். என் வலது முழங்கைக்கு மேல இருக்குற தழும்பு தொழில் கத்துக்கிட்ட முதல் வருசத்துல வாங்குனது. அரை மணி நேரம் வெத்தல பாக்கு போடுங்க, ஆறட்டும். கொதிக்கிற எஞ்சின் மேல பச்சைத்தண்ணிய ஊத்துனா ஹெட்டு வெடிச்சிரும், அப்புறம் எனக்குத்தான் வேலை.

கோடை நாள்ல சைலன்சர் பக்கமும் பாருங்க. காஞ்ச தைல இலை எண்ணெய் ஊத்துன மாதிரி புடிக்கும். ஆயில் ஒழுகுற எடத்துல இலை ஒட்டிக்கிட்டு கெடக்கும், அத தினமும் தட்டி விடுங்க, வண்டில ஒரு கேன் தண்ணி எப்பவும் இருக்கட்டும்.

டீசல் தீந்து நின்னா, இல்ல மேடு பள்ளத்துல டேங்க்ல அடி டீசலோட ஓட்டி காத்த இழுத்துக்கிட்டா, ஏர் எடுக்குறது பெரிய வித்தையில்ல. ஃபில்டர் மேல இருக்குற போல்ட்ட கொஞ்சம் லூஸ் பண்ணி கை பம்ப அடிங்க, நுரை போயி சுத்த டீசல் வந்ததும் முறுக்குங்க, அடுத்து டீசல் பம்புல அதே மாதிரி. நாசில் பைப்ப லூஸ் பண்ணிட்டு செல்ஃப் அடிக்கும்போது மட்டும் கையையும் மூஞ்சியையும் தள்ளி வச்சுக்கங்க. ஆயில் பிரஷர்ல தூக்குற ஹைட்ராலிக் பைப்புல ஊசிமுனை ஓட்டை விழுந்து ஆயில் பீச்சுச்சுன்னா எங்க ஒழுகுதுன்னு விரல வச்சு தடவி பாக்காதீங்க, ஒரு அட்டைய காட்டி பாருங்க. அந்த பிரஷர்ல ஆயில் தோல ஓட்டை போட்டு உள்ள போயிரும், வெளிய பாத்தா முள்ளு குத்துன மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் பெருசா இருக்காது. அப்படியே விட்டா விரலையே எடுக்க வேண்டி வரலாம். அன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு போயி ஆயில் உள்ள ஏறிருச்சுன்னு அந்த வார்த்தையவே சொல்லுங்க.

வண்டிக்கு அடியில போறது பத்தி ஒண்ணு. எங்க ஊர் சரளை மண்ணுல ஜாக்கி அப்படியே இறங்கும். பலகை போட்டு வைங்க, தூக்குனதும் அச்சுக்கு அடியில கட்டை அடுக்குங்க, கல்ல வைக்காதீங்க, கல்லு பொளந்துக்கும். டிப்பர் பெட்டி தூக்கி நிக்கும்போது ஹைட்ராலிக்க மட்டும் நம்பி தலைய உள்ள விடாதீங்க.

முடியலைன்னா விட்டுட்டு வாங்க. பேட்டரிய கழட்டி வீட்டுக்கு எடுத்துக்கிட்டு வந்துரலாம், காலையில வெளிச்சத்துல பாத்துக்கலாம். தனியா காட்டுக்குள்ள லோடு அடிக்க போகாதீங்க, போற வழியில கடைசியா எந்த எடத்துல சிக்னல் கெடைக்குதுன்னு பாத்து வச்சுக்கங்க. ஆளுக்கு அடிபட்டுட்டா 108க்கு அடிக்கும்போது "தைலமரக் காட்டுக்குள்ள"ன்னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது, பக்கத்து ஊர் பேரு, எந்த ரோட்டுலேருந்து பிரியுதுன்னு சொல்லிட்டு, ஒருத்தர டார்ச்சோட தார் ரோட்டுக்கு அனுப்பி நிக்க சொல்லுங்க. உள்ள எல்லா வண்டித்தடமும் ஒரே மாதிரிதான் இருக்கும், பட்டப்பகல்ல நானே ரெண்டு தடவ வழி மாறி போயி வேற யாரோ காட்டுல நின்னுருக்கேன்.