வால் எங்கே போச்சு?

பாலக்கோடு பக்கத்திலிருந்து ஏழாவது படிக்கும் பையன் கேட்கிறான்: "எங்க மாந்தோப்புக் குழியில மழைத்தண்ணி நிக்குது சார். தலைப்பிரட்டை பிடிச்சு பாட்டில்ல விட்டேன். நாலு காலும் வந்துடுச்சு. வால் மட்டும் தினம் குட்டையாகுது. ஆனா துண்டு எதுவும் கீழ விழல. எங்க போகுது?"

பல்லி வால்போல அறுந்து விழும் என்று தேடியிருக்கிறான். நல்ல கண்.

முட்டை, செவுள், நுரையீரல் எல்லாம் பாடப்புத்தகத்தில் படத்தோடு இருக்கின்றன. வாலுக்கு வருவோம். அது விழுவதில்லை, உடம்பே அதைத் தின்றுவிடுகிறது. முன்னங்கால் எட்டிப்பார்க்கும் நாட்களில் தலைப்பிரட்டையால் எதையும் தின்ன முடியாது. பாசி சுரண்டிய கொம்புப்பல் உதிர்ந்து, வாய் அகன்றுகொண்டிருக்கும். சுருள் சுருளாகக் கிடந்த நீளக் குடல், பூச்சி தின்னத் தோதாகக் குறுகிக்கொண்டிருக்கும். அடுப்பங்கரையை இடித்துக் கட்டும்போது வீட்டில் சமையல் ஏது? அந்த நாட்களுக்கான கட்டுச்சோறுதான் வால்.

உத்தரவு போடுவது தைராய்டு ஹார்மோன்; நம் கழுத்தில் சுரக்கும் அதே சரக்கு. 1912இல் குடெர்நாட்ச் என்பவர் தலைப்பிரட்டைகளுக்குத் தைராய்டுச் சுரப்பியைத் தின்னக் கொடுத்தார். வளரக்கூட நேரமில்லாமல் அவை பொடித் தவளைகளாயின. ஒரே ஹார்மோன்தான், காலிடம் "வளர்" என்கிறது, வாலிடம் "செத்துப்போ" என்கிறது. வாலை நறுக்கிக் கண்ணாடித் தட்டில் தனியே வைத்து ஹார்மோன் விட்டாலும் அது சுருங்கும். 1966இல் ஜம்ஷெட் டாட்டா என்ற உயிரியலாளர் (தொழிலதிபர் டாட்டா அல்ல) அப்படிப்பட்ட வாலில் புதுப் புரதம் உருவாகாமல் தடுத்துப் பார்த்தார். சுருங்கவில்லை! சும்மா கிடந்து அழுகுவதல்ல இது. சாவதற்கும் வால் உழைக்க வேண்டியிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

நம்மூர்ச் செம்மண் குழியில் தண்ணீர் எத்தனை நாள் தாங்கும்? வற்றத் தொடங்கினால், பல இனத் தலைப்பிரட்டைகளில் பதற்ற ஹார்மோன் கூடி, தைராய்டையும் விரட்டும். உருமாற்றம் முந்திக்கொள்ளும். விலை, சின்ன உடம்பு. (மழைக்காகத் தவளைக்குக் கல்யாணம் செய்கிற காசில் ஊர்ப் பள்ளிக்கு ஒரு நுண்ணோக்கி வாங்கலாம் என்பது என் கட்சி.)

தம்பி, உடனே ஒன்று செய். பாட்டிலில் இருப்பதை அகலமான பாத்திரத்துக்கு மாற்றி, தண்ணீருக்கு மேலே தலை நீட்டுகிற மாதிரி ஒரு கல் வை. செவுள் போய்க்கொண்டிருக்கிறது, நுரையீரல் வந்துவிட்டது. ஏறி உட்கார இடமில்லாவிட்டால் தவளைக்குஞ்சு மூழ்கிச் செத்துவிடும். வால் தீர்ந்ததும் அதே தோப்பில் கொண்டுபோய் விட்டுவிடு.