ஒரு கையெழுத்தும் 120 நாள் கணக்கும்

2025 செப்டம்பர் 25. அமெரிக்காவில் எஃப்பிஐயின் முன்னாள் இயக்குநர் ஜேம்ஸ் கோமி மீது வர்ஜீனியா கிழக்கு மாவட்டத்தில் குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதன் அடியில் அரசுத் தரப்பில் ஒரே ஒரு கையெழுத்து: லிண்ட்சி ஹாலிகன். அந்த மாவட்டத்தின் இடைக்கால யு.எஸ். அட்டர்னியாக அவர் பதவியேற்று மூன்றே நாள் ஆகியிருந்தது. நவம்பர் 24 அன்று வழக்கு தள்ளுபடி. கோமி தப்பு செய்தாரா இல்லையா என்பதற்குள் நீதிபதி கேமரன் கரி போகவேயில்லை. கையெழுத்துப் போட்டவரின் நியமனமே செல்லாது, அதனால் குற்றப்பத்திரிகையும் செல்லாது என்றார்.

எப்படி? அங்கே 94 ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்ற மாவட்டங்களுக்கு 93 யு.எஸ். அட்டர்னிகள், அதாவது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர்கள். ஃபெடரல் குற்றங்களில் யார்மீது வழக்குப் போடுவது என்று முடிவெடுப்பவர்கள் இவர்கள். வழக்கு ஒன்று வந்தாலே போதும், தீர்ப்புக்கு முன்பே ஒருவரின் பெயரும் சேமிப்பும் கரைந்துவிடும். இந்த அதிகாரத்தை நினைத்துதான் எனக்கு அந்த நியமன விதிகள் இவ்வளவு முக்கியமாகப் படுகின்றன.

1789இல் உருவான பதவி இது. அதிபர் பெயர் சொல்வார், நாடாளுமன்ற மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும், நான்காண்டுக் காலம். நடுவில் அதிபர் நினைத்தால் நீக்கலாம். ஆக, அரசியல் நியமனம்தான். அதில் ஒளிவுமறைவு இல்லை. கட்டுப்பாடு இருப்பது நுழைவாசலில்.

சரி, இடம் காலியானால்? அரசின் நீதித் துறைக்குத் தலைவரான அட்டர்னி ஜெனரல், யாரையாவது இடைக்காலமாக 120 நாளுக்கு நியமிக்கலாம். அதற்குள் செனட் ஒப்புதலோடு யாரும் வரவில்லை என்றால், அடுத்து நியமிக்கும் அதிகாரம் அந்த மாவட்ட நீதிபதிகளுக்குப் போகும். செனட்டைச் சுற்றிக்கொண்டு போக முடியாதபடி போட்ட பூட்டு அது.

2006இல் பயங்கரவாதத் தடுப்புக்கான பேட்ரியாட் சட்டத்தைப் புதுப்பித்தபோது அந்த 120 நாள் வரம்பு சத்தமில்லாமல் எடுக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 7 அன்று, ஒரே நாளில் ஏழு யு.எஸ். அட்டர்னிகள் நீக்கப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் நியூ மெக்சிகோவின் டேவிட் இக்லேசியஸ். ஓர் ஊழல் வழக்கு எப்போது தாக்கலாகும் என்று தேர்தலுக்கு முன்பு செனட்டர் பீட் டொமெனிசி தொலைபேசியில் கேட்டதாக இக்லேசியஸ் அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் சாட்சியம் சொன்னார். 2007இல் செனட் 94-2 என்ற வாக்கில் வரம்பைத் திரும்பக் கொண்டுவந்தது. அட்டர்னி ஜெனரல் கொன்சாலஸும் அந்த ஆண்டே பதவி விலகினார்.

மறுபடி வர்ஜீனியா. அங்கே 2025 ஜனவரியில் நியமிக்கப்பட்ட இடைக்கால அட்டர்னிக்கு மே மாதத்தோடு 120 நாள் முடிந்தது. நீதிபதிகளே அவரைத் தொடரச் சொன்னார்கள். செப்டம்பரில் அவர் விலகியதும் அரசு ஹாலிகனைக் கொண்டுவந்தது. புது ஆள், அதனால் புதுசாக 120 நாள் என்பது அரசின் வாதம். நாள் கணக்கு ஆளுக்கு ஆள் புதிதாகத் தொடங்காது என்றார் நீதிபதி. யோசித்துப் பாருங்கள்: 119ஆம் நாள் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் செனட்டின் வாசலை மிதிக்கவே வேண்டாமே! அரசு மேல்முறையீடு செய்தது.

ஆனால் இந்தப் பூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. 2025 ஜூலையில் நியூ ஜெர்சி நீதிபதிகள் தங்கள் அதிகாரத்தைப் பயன்படுத்தி, அந்த அலுவலகத்தின் இரண்டாம் நிலை வழக்கறிஞரை யு.எஸ். அட்டர்னியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்றைக்கே அவரை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாக அட்டர்னி ஜெனரல் அறிவித்தார்.