ஏழு ஆட்டங்களின் கணக்கு: 1984-ல் லேக்கர்ஸும் செல்டிக்ஸும்

அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வின் 1984 இறுதித்தொடரின் ஏழு ஆட்டங்களையும் கூட்டிப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் எடுத்தது 822 புள்ளி, பாஸ்டன் செல்டிக்ஸ் எடுத்தது 806. கோப்பை செல்டிக்ஸுக்குப் போனது.

லேக்கர்ஸ் வென்ற மூன்று ஆட்டங்கள்: 115-109, 137-104, 119-108. தோற்ற நான்கு: 121-124, 125-129, 103-121, 102-111. மூன்றாம் ஆட்டத்தில் 33 புள்ளி வித்தியாசத்தில் நொறுக்கியதற்கும் ஒரு வெற்றிதான் கணக்கு. இரண்டாம் ஆட்டத்தைக் கூடுதல் நேரத்தில் 3 புள்ளியில் இழந்ததற்கும் ஒரு தோல்விதான் கணக்கு. முதலில் நான்கு ஆட்டம் வெல்லும் அணிக்கே கோப்பை என்ற "ஏழில் நான்கு" விதி புள்ளிகளைப் பார்ப்பதில்லை, வெற்றிகளை மட்டுமே எண்ணுகிறது. அப்படி எண்ணும்போது நல்ல அணி எவ்வளவு உறுதியாக மேலே வரும்? எந்த ஆட்டத்தை எந்த ஊரில் வைக்கிறார்கள் என்பது முடிவை மாற்றுமா? இரண்டுக்கும் அந்த ஒரு தொடரிலேயே பதில் இருக்கிறது.

முதலில் ஒற்றை ஆட்டம். ஓர் ஆட்டத்தில் ஒவ்வோர் அணிக்கும் பந்து ஏறக்குறைய 100 முறை கைக்கு வரும். ஒவ்வொரு முறையும் 0, 1, 2, 3 என ஏதோ ஒரு புள்ளி. இத்தனை சின்னச் சின்ன அதிர்ஷ்டங்கள் சேர்வதால், இறுதி வித்தியாசம் எதிர்பார்த்த அளவிலிருந்து சுமார் 12 புள்ளி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ விலகுவது சர்வசாதாரணம். ஆகவே எதிரணியைவிட சராசரியாக 3 புள்ளி மேலான அணி ஒரு தனி ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 60 சதவீதம்தான். மேலான அணி பத்து ஆட்டத்தில் நான்கைத் தோற்கும்.

இப்போது அதே அணியைத் தொடரில் இறக்குவோம். நான்கே ஆட்டத்தில் முடிக்க, நான்கையும் வரிசையாக வெல்ல வேண்டும்: 0.6-ஐ நான்கு முறை பெருக்கினால் 13 சதவீதம். ஐந்தில் முடிக்க ஒரு தோல்வி நடுவில் வரலாம். அந்தத் தோல்வி எத்தனை இடங்களில் வரலாம் என்பதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். ஐந்து இடம் என்று போடக்கூடாது, நான்குதான். கடைசி ஆட்டம் வெற்றியாக இருந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் தொடர் அங்கே முடியாது. அதே காரணத்தால் ஆறில் முடிய 10 வழி, ஏழில் முடிய 20 வழி. ஒவ்வொன்றையும் அதற்குரிய வாய்ப்போடு பெருக்கினால் 20.7, 20.7, 16.6 சதவீதம். முதலில் வந்த 13-ஐயும் சேர்த்துக் கூட்டினால் 71.

ஆக, 60 என்பது 71 ஆகிறது. ஒரே ஆட்டம் என்றால் 60, மூன்றில் இரண்டு என்றால் 64.8, ஐந்தில் மூன்று என்றால் 68.3, ஒன்பதில் ஐந்து என்று நீட்டினாலும் 73.3தான். ஆட்டங்களைக் கூட்டக் கூட்ட ஏற்றம் மெதுவாகிறது. இந்த அணிக்கு 90 சதவீத உறுதி வேண்டுமென்றால் 40 ஆட்டங்களுக்கு அருகில் ஆட வேண்டியிருக்கும். இறுதித்தொடர் நடக்கும் ஜூன் மாதத்துக்குள் அது நடக்காது. அதனால் ஏழு என்பது ஒரு சமரசம். சின்ன மேன்மையைக் கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டும், ஆனால் மூன்று தொடருக்கு ஏறக்குறைய ஒரு முறை சற்றே பலவீனமான அணி கோப்பையைத் தூக்கவும் இடம் விடும்.

தொடர் நடந்துகொண்டிருக்கும்போது யாருக்கு எவ்வளவு வாய்ப்பு என்று அறிய, கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். சமபலமான இரண்டு அணிகள் என்று வைத்துக்கொள்வோம். 3-3 என்றால், அதாவது இருவரும் தலா மூன்று ஆட்டம் வென்றிருந்தால், இருவருக்கும் 50. 3-2 என்று முன்னால் இருக்கும் அணி அடுத்ததை வென்றால் 100, தோற்றால் 50, இரண்டின் சராசரி 75. 3-1 என்றால் 100-க்கும் 75-க்கும் நடுவில், 87.5. 2-2 என்றால் மறுபடி 50. 2-1 என்றால் 87.5-க்கும் 50-க்கும் நடுவில், ஏறக்குறைய 69. இப்படியே பின்னோக்கிப் போனால் 2-0-க்கு 81, 1-0-க்கு 66. பென்சிலும் தாளும் போதும். அணிகள் சமமில்லை என்றால் சராசரிக்குப் பதில் 0.6, 0.4 என எடை கொடுத்துக் கூட்டினால் ஆயிற்று.

இந்தப் பட்டியலை 1984-ன் மேல் வைத்துப் பார்த்தால் கோப்பை கைமாறிய இடம் தெரிகிறது. முதல் ஆட்டத்தைப் பாஸ்டனிலேயே வென்ற லேக்கர்ஸ், இரண்டாவதின் கடைசி நொடிகளில் 113-111 என முன்னால் இருந்தது. பந்தும் அவர்கள் கையில்தான். ஜேம்ஸ் வொர்தி ஆடுகளத்தின் குறுக்கே எறிந்த பந்தை செல்டிக்ஸின் ஜெரால்ட் ஹெண்டர்சன் இடைமறித்து, நேராக ஓடிக் கூடையில் போட்டார். 113-113. அந்த வீச்சுக்கு முன் லேக்கர்ஸ் 2-0 என்ற நிலையை, அதாவது 81 சதவீதத்தை, ஏறக்குறைய தொட்டுவிட்டது. ஆட்டம் சமனானதும் அது 81-க்கும் 50-க்கும் நடுவில், 66 அளவுக்கு இறங்கியது. கூடுதல் நேரத்தில் தோற்றதும் 50. நான்காம் ஆட்டமும் இதே மாதிரிதான். 2-1 என முன்னால் இருந்த லேக்கர்ஸுக்கு வெற்றி என்றால் 87.5, தோல்வி என்றால் 50. கூடுதல் நேரத்தின் இறுதிக் கட்டத்தில் லேக்கர்ஸின் மேஜிக் ஜான்சனுக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களும் (யாரும் தடுக்காமல் எறியும் வாய்ப்பு) தவறின. செல்டிக்ஸ் 129-125. இரண்டு ஆட்டத்திலும் சேர்த்து லேக்கர்ஸ் இழந்தது வெறும் 7 புள்ளி. மூன்றாம் ஆட்டத்தில் மிச்சமாக அடித்த 33-லிருந்து ஒரு புள்ளியைக்கூட இங்கே கொண்டுவந்து போட முடியாது.

அடுத்து ஊர்க் கணக்கு. வழக்கமான பருவத்தில் செல்டிக்ஸுக்கு 62 வெற்றி, 20 தோல்வி; லேக்கர்ஸுக்கு 54 வெற்றி, 28 தோல்வி. அதனால் நான்கு ஆட்டங்கள் பாஸ்டனுக்கு, மூன்று லாஸ் ஏஞ்சலஸுக்கு. முறை 2-2-1-1-1: முதல் இரண்டு பாஸ்டனில், அடுத்த இரண்டு லாஸ் ஏஞ்சலஸில், பிறகு ஒவ்வொன்றாக மாறி மாறி. மறு ஆண்டு, 1985-ல், லீக் இதை 2-3-2 என்று மாற்றியது. முதல் இரண்டு மேலான அணியின் ஊரில், அடுத்த மூன்று எதிரணியின் ஊரில், கடைசி இரண்டு மறுபடி மேலான அணியின் ஊரில். 2013 வரை அதுவே நீடித்தது.

எது மேலான அணிக்குச் சாதகம் என்று ஆண்டுக்கணக்கில் வாக்குவாதம் நடந்தது. ஒவ்வோர் ஆட்டமும் மற்றதைப் பாதிக்காது என்று வைத்துக்கொண்டால் பதில் எளிது: இரண்டும் ஒன்றே. நான்கு வெற்றி கிடைத்ததும் நிறுத்தாமல் ஏழையும் ஆடி முடிப்பதாகக் கற்பனை செய்யுங்கள். ஏற்கெனவே நான்கு வென்ற அணியை மிச்ச ஆட்டங்கள் முந்த முடியாது, எதிரணிக்கு அதிகபட்சம் மூன்றுதான் கிடைக்கும். ஆகவே கோப்பை யாருக்கு என்பது "ஏழில் யார் அதிகம் வென்றார்கள்" என்ற கேள்வியாகச் சுருங்குகிறது. ஏழில் நான்கு சொந்த அரங்கில், மூன்று வெளியூரில். வரிசையை எப்படிக் குலுக்கினாலும் இந்த எண்ணிக்கை மாறாது, வாய்ப்பும் மாறாது.

அந்த நான்காவது சொந்த ஆட்டத்தின் மதிப்பும் நினைப்பதைவிடச் சிறியது. சமமான இரண்டு அணிகளும் சொந்த ஊரில் 60 சதவீதம் வெல்வதாக வைத்தால், முதல் ஆறும் இருவருக்கும் பாதிப்பாதி. ஊர்ச் சாதகம் வேலை செய்வது ஏழாவது ஆட்டத்தில் மட்டும், அதுவும் தொடர் 3-3 என வந்தால்தான். அப்படி வரும் வாய்ப்பு 32 சதவீதம். கணக்கின் முடிவு: 53.2 சதவீதம். தொடர் முழுவதற்குமான "சொந்த மண்" சாதகம் மூன்று சதவீதத்துச் சொச்சம்தான்.

கணக்கு இதோடு நிற்கிறது. ஆடுவது உடம்பு. ஒரு ஆட்டம் அடுத்ததைப் பாதிக்காது என்ற அனுமானம் உடைவது அங்கேதான், 1984-ன் கடைசி வாரம் அதற்குத் தெளிவான சான்று.

நான்காம் ஆட்டம் ஜூன் 6, லாஸ் ஏஞ்சலஸ். ஐந்தாவது ஜூன் 8, பாஸ்டன். ஆறாவது ஜூன் 10, மீண்டும் லாஸ் ஏஞ்சலஸ். ஏழாவது ஜூன் 12, பாஸ்டன். இரண்டு ஊருக்கும் இடையே ஏறக்குறைய 4,200 கிலோமீட்டர், மூன்று மணி நேர வித்தியாசம். உடலின் உள்கடிகாரம் ஒரு நேர மண்டலத்துக்குப் பழக ஏறக்குறைய ஒரு நாள் எடுக்கும். ஆகவே எந்த அணியும் இறங்கிய ஊரின் நேரத்துக்குப் பழகுமுன் அடுத்த விமானத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் அணிகளுக்குத் தனி விமானம் வழக்கமில்லை, பயணிகள் விமானம்தான். 218 சென்டிமீட்டர் உயரமுள்ள லேக்கர்ஸ் வீரர் கரீம் அப்துல்-ஜப்பார் முட்டியை மடித்துக்கொண்டு ஒரு கண்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

ஜூன் 8 அன்று பாஸ்டன் கார்டன் அரங்கத்துக்குள் வெப்பம் 97 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 36 டிகிரி செல்சியஸ். 1928-ல் திறந்த கட்டடம், குளிர்சாதனம் கிடையாது. உள்ளே ஏறக்குறைய 15 ஆயிரம் பேர். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளியிடுகிறார், கூட்டம் மட்டுமே 1.5 மெகாவாட் அடுப்பு.

ஓடும் வீரரின் தசை செலவழிக்கும் ஆற்றலில் 20 முதல் 25 சதவீதமே அசைவாகிறது, மிச்சம் வெப்பம். சாதாரண நாளில் அதில் ஒரு பங்கு தோலிலிருந்து நேராகக் காற்றுக்குப் போகும், ஏனென்றால் காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்கும். தோலின் வெப்பம் 34, 35 டிகிரி. காற்று 36 ஆகிவிட்டால் அந்த வழி அடைபட்டுப்போகிறது, வெப்பம் எதிர்த்திசையில் உள்ளே வரவும் தொடங்கும். மிச்சமிருப்பது வியர்வை ஒன்றே. ஒரு லிட்டர் வியர்வை முழுதாக ஆவியானால் சுமார் 24 லட்சம் ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். மணிக்கு ஒரு லிட்டர் என்றால் 670 வாட் குளிரூட்டல். ஆனால் ஆவியானால் மட்டுமே. ஈரம் கோத்த காற்றில் வியர்வை சொட்டித் தரையில் விழுகிறது. உடம்பு நீரை இழக்கிறது, குளிர்ச்சி கிடைப்பதில்லை, கூடவே மரத் தரையும் வழுக்குகிறது.

உடல் எடையில் 2 சதவீத நீர் குறைந்தாலே ஆட்டத்திறன் தடுமாறத் தொடங்கும். 100 கிலோ வீரருக்கு அது இரண்டு லிட்டர். இரத்தத்தின் அளவு குறைகிறது, அதே இரத்தத்தைத் தோலும் கேட்கிறது, தசையும் கேட்கிறது, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. பெரிய உடம்புக்குச் சிரமம் கூடுதல், எடைக்கு ஏற்ற அளவு தோல் பரப்பு அதற்கு இல்லை. 37 வயது கரீம் பெஞ்சில் உட்கார்ந்து ஆக்சிஜன் முகமூடி வைத்துக்கொண்டார். அவர் 25 முறை எறிந்ததில் 7 மட்டும் கூடையில் விழுந்தது. செல்டிக்ஸின் 27 வயது லாரி பேர்ட் 20-ல் 15, மொத்தம் 34 புள்ளி, 17 ரீபவுண்ட் (தவறிய எறியில் திரும்பும் பந்தைப் பிடிப்பது). நடுவர் ஒருவரே உடல்நீர் வற்றி இரண்டாம் பாதிக்கு வரவில்லை. செல்டிக்ஸ் 121-103. வெப்பம் இரண்டு அணிக்கும் பொதுதான். ஆனால் ரீபவுண்ட் எடுத்த மறுநொடி ஐந்து பேரும் பாய்ந்தோடுவதையே உயிராக வைத்திருந்த லேக்கர்ஸ் ஆட்டத்துக்கு அது அதிகமாக வலித்தது என்றே சொல்வேன்.

தொடருக்குள் நடக்கும் கற்றலையும் கணக்கு பார்ப்பதில்லை. மூன்றாம் ஆட்டத்தின் அடிக்குப் பிறகு செல்டிக்ஸ் பயிற்சியாளர் கே.சி. ஜோன்ஸ், மேஜிக்கைக் காக்கும் பொறுப்பை டென்னிஸ் ஜான்சனிடம் கொடுத்தார். நான்காம் ஆட்டத்திலிருந்து மேஜிக் எதிர்கொண்டது வேறொரு தற்காப்பு.

2-3-2 முறையின் நோக்கம் பயணத்தைக் குறைப்பதுதான். ஏழு ஆட்டம் போனால் பழைய முறையில் நான்கு பயணம், புதியதில் இரண்டு, அதாவது 8,400 கிலோமீட்டர் மிச்சம். ஆனால் அதற்கு வேறு விலை இருந்தது. 2-2 என நிற்கும்போது ஐந்தாம் ஆட்டம் மேலான அணியின் ஊரில் இருக்காது. நடுவில் வரும் மூன்று சொந்த ஆட்டங்களையும் வெல்வது மற்ற அணிக்கும் கடினமாகவே இருந்தது. 29 ஆண்டுகளில் மூன்றே முறை அது நடந்தது: 2004-ல் டெட்ராய்ட், 2006-லும் 2012-லும் மயாமி.

இதே இரண்டு அணிகள் 2010-ல் மோதியபோது அந்த முறையின் முழு வடிவமும் தெரிந்தது. பாஸ்டனில் நடந்த மூன்றில் இரண்டை வென்ற செல்டிக்ஸ் 3-2 என முன்னால் இருந்தது, மிச்ச இரண்டும் லாஸ் ஏஞ்சலஸில். ஆறாவதில் லேக்கர்ஸ் 89-67. ஏழாவதில் லேக்கர்ஸின் கோபி பிரயன்ட் 24 முறை எறிந்து 6-ஐ மட்டும் போட்டார். சாதாரணமாகத் தோல்வி தரும் எண் அது. ஆனால் தவறிய எறிகளை எதிரணிக் கூடையடியிலேயே லேக்கர்ஸ் 23 முறை மீட்டது, செல்டிக்ஸுக்கு அப்படிக் கிடைத்தது 8 மட்டும். எறி தவறினாலும் பந்து மறுபடி கைக்கு வந்துகொண்டே இருந்தது. 83-79.

2013 அக்டோபரில் அணி உரிமையாளர்கள் வாக்களித்து 2-2-1-1-1-ஐத் திரும்பக் கொண்டுவந்தார்கள். 2014 இறுதித்தொடரிலிருந்து அதுவே நடைமுறை. அதற்குள் எல்லா அணிகளும் தனி விமானத்தில் பறக்கத் தொடங்கியிருந்தன. அந்த வாக்கெடுப்பிலேயே ஆறாம் ஆட்டத்துக்கும் ஏழாம் ஆட்டத்துக்கும் இடையே ஒரு நாள் கூடுதல் ஓய்வையும் சேர்த்துக்கொண்டார்கள்.